மணியொலியும் மறுமொழியும்

காலத்தை அளந்தறிதல் பண்டைத் தமிழர்க்குக் கைவந்த கலையாகும். பாசறையிலிருக்கும் அரசனுக்கு நாழிகை வட்டிலின் துணையால் பொழுதை அறிவிப்போரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. ஒரு நாழிகையாவது 24 நிமிடம். 60 நாழிகை கொண்டது ஒரு நாள். வட்டிலில் ஒருவகை, அடியில் நுண்துளை உடையது. நீரில் மிதக்கும் அது, நிறைந்து அமிழ்ந்ததும் மணி அடிப்பர்; வட்டிலை மீண்டும் மிதக்க விடுவர்.

இன்றைய கணிப்பொறியிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. நிரல் கேட்ட கால இடைவெளி முடிந்ததும், இயங்குதளம் அதற்கு ஒரு சைகை அனுப்பும். ஒருமுறை மட்டும் அனுப்புமாறும் கேட்கலாம். இடைவெளிதோறும் அனுப்புமாறும் கேட்கலாம். இயங்குதளங்களுக்குப் பொதுவிதி கூறும் போசிக்ஸ் என்னும் நெறிமுறை 1988ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்தது.

சைகை வந்தால் செய்யத்தக்கது யாது? மறுமொழிக்கு ஆயத்தமாகாத நிரலைக் கடிகைச் சைகை நிறுத்திவிடும். மறுமொழி மிகுந்தாலோ வேறொரு கேடு விளையும்.

பிரம்மதேசத்தை அடுத்த மரக்காணக் கடற்கரையில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. அங்கு ஒருவர் உப்பு மூட்டைகளுக்குக் கணக்கு எழுதுகிறார் என்று கொள்க. ஒரு வரி பாதியில் நிற்கையில், அடுத்த வண்டி வந்ததென மணி ஒலிக்கிறது. எழுதிய வரியை முடிக்காமல் அதன்மேலேயே புதுக்கணக்கை எழுதினால் இரண்டும் பாழாகும். தனித்தாளில் ஒரு குறி இட்டு, வரியை முடித்து, பின் புதியதை எழுதினால் இரண்டும் நிலைபெறும்.

நிரலின் நிலையும் இதுவே. எந்தச் செயலின் நடுவிலும் சைகை வரக்கூடும். ஆதலின், அவ்வேளையில் தீங்கின்றி அழைக்கத்தக்க செயல்கள் இவையென நெறிமுறை வரையறுத்துள்ளது. சைகை வந்ததற்கு ஒரு குறி மட்டும் இட்டுத் திரும்புதலே சாலச் சிறந்தது.

உடனே செய்யாமை கடமை தவறுதலாகும் என்பர் சிலர். அஃது அன்று, இட்ட குறியைப் பின்னர்ப் பாராமையே கடமை தவறுதல். மேலும், முதற்சைகை ஏற்கப்படுமுன் அதே சைகை பலமுறை வரினும் பொதுவாக ஒன்றாகவே சேரும். ஆகவே, சைகைகளை எண்ணிக் காலத்தைக் கணக்கிடுதலும் பிழை. கடிகாரத்தையே நோக்குதல் வேண்டும்.

பழைய இடைவெளிக் கடிகை ஏற்பாடு ஒன்று, கைவிடத்தக்கதென 2008இல் குறிக்கப்பட்டு, 2024இல் நெறிமுறையினின்றும் நீக்கப்பட்டது. கருவிகள் மாறும், நெறி மாறாது. அழைப்பை மறவாமையும், எடுத்த பணியைச் சிதைக்காமையும் ஒருங்கே அமைவதே நல்ல மறுமொழியாகும்.