கறுப்பு கவரும் கட்லெட் பர்கரும்

டிஸ்கி: இது அசைவப் பதிவு, அதிலும் மாட்டுக்கறிப் பதிவு. பிடிக்காதவங்க இப்பவே ஜூட் விட்டுடலாம், நான் தப்பா நினைக்க மாட்டேன் :-)

போன செமஸ்டர் லீவில் ரூம்ல நாலு பேர் சேர்ந்து பர்கர் போடுறதா முடிவாச்சு. பி.காம். படிக்கிறவன்கிற ஒரே தகுதியில என்னை நிதி அமைச்சர் ஆக்கி, கறி வாங்கவும் என்னையே துரத்திட்டானுங்க. கடையில நான் பேசினது மொத்தமே ஒரு வரிதான். "அண்ணே, அரைக்கிலோ கைமா, கொழுப்பில்லாம." அதையும் பக்கத்துல நிக்கிறவருக்குக் கேட்காத மாதிரி சொன்னேன். தட்டுல ஏற்கெனவே அரைச்சுக் குவிச்சு வச்சிருந்ததை அள்ளி, பேப்பர்ல சுத்தி, கறுப்பு கவர்ல போட்டுக் குடுத்தார். ஹவுஸ் ஓனர் கண்ணுல படாம மாடி ஏறினேன்.

அப்புறம் நடந்தது உங்க வீட்டிலயும் நடக்கிறதுதான். கைமாவை மூணு தண்ணி கழுவிப் பிழிஞ்சோம். வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா, முட்டை, பிரெட் தூள் எல்லாம் போட்டு சப்பாத்தி மாவு மாதிரி பிசைஞ்சோம். வெந்து வந்ததைக் கடிச்சுட்டு ரூம்மேட் சொன்னான்: "மச்சி, கட்லெட் நல்லா இருக்குடா. பர்கர் எப்ப வரும்?"

அவ்வ்வ்வ்.

அன்னைலருந்து யோசிச்சு, படிச்சு, நாலஞ்சு தடவை கையைச் சுட்டுக்கிட்டு நான் வந்து சேர்ந்த முடிவு இது: நம்ம வீட்டு பர்கர் கெட்டுப் போற இடம் கறிக்கடை வாசல். காரணம் நம்ம வெட்கம். வெட்கப்பட்டு வாங்குறவன் கேள்வி கேட்க மாட்டான். கேள்வி கேட்காதவனுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். காய்கறிக் கடையில ஒவ்வொரு வெண்டைக்காயா நுனி ஒடிச்சுப் பார்க்கிற ஊர் இது. மட்டன் கடையில "நெஞ்செலும்பு போடு, சவ்வை எடு"ன்னு பத்து நிமிஷம் அதிகாரம் பண்றோம். மாட்டுக்கறிக் கடையில மட்டும் திருடன் மாதிரி நிக்கிறோம்.

ஏன் நிக்கிறோம்? தமிழ்நாட்டில் எந்த மாட்டை வெட்டலாம் என்பதற்கு 1958ஆம் வருஷச் சட்டத்திலயே கட்டுப்பாடு இருக்கு. ஆனா மாட்டுக்கறி விற்பதோ வாங்கித் தின்பதோ இங்கே குற்றமில்லை. குற்றமில்லைன்னாலும் பயம் இருக்கு. 2017 மே மாசம் ஐ.ஐ.டி. மெட்ராஸில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துக்கிட்ட ஒரு மாணவரை அடிச்சதுல அவருக்குக் கண்ணுல காயம். 2022 மே மாசம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லைன்னு பிரச்னை கிளம்பி, கடைசியில மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிப் போச்சு. ஆம்பூர்லயே இந்தக் கதின்னா, கறுப்பு கவர் ஏன்னு நான் விளக்க வேண்டியதில்லை. சாப்பிடாதவங்களோட எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சாப்பிடுறவன் ஒளிஞ்சு சாப்பிடணும்னு எதிர்பார்க்கிறவங்களோடதான் சண்டை. அந்த எதிர்பார்ப்புக்குத் தலையாட்டுற நம்மளோடயும்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். கடையில என்ன கேட்கணும்?

முதல்ல, அரைச்சு வச்ச கைமா வாங்காதீங்க. சும்மா சுவைக்காகச் சொல்லலை. முழுக் கறித்துண்டில் கிருமி இருந்தா பெரும்பாலும் மேல்பரப்புலதான் இருக்கும், சூட்டுல செத்துடும். அரைச்சா மேல இருந்தது உள்ள போயிடும். அதனாலதான் ஸ்டேக்கை உள்ள சிவப்பா விட்டாலும் பர்கரை அப்படி விடக்கூடாதுங்கிறாங்க. 1993இல் அமெரிக்காவில் ஜாக் இன் தி பாக்ஸ் கடைகளின் சரியா வேகாத பர்கரைத் தின்னு 700 பேருக்கு மேல நோயில் விழுந்தாங்க, நாலு குழந்தைங்க செத்துப் போச்சு. ஈ.கோலை ஓ157:எச்7 என்ற கிருமி. அடுத்த வருஷமே, அரைச்ச மாட்டுக்கறியில் அந்தக் கிருமி இருந்தா அது கலப்படப் பொருள்னு அந்த நாட்டு அரசு அறிவிச்சுது. இன்னைக்கும் அவங்க சொல்ற கணக்கு, அரைச்ச கறியோட நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொடணும். யூடியூப்ல பர்கரை வெட்டி இளஞ்சிவப்பா காட்டி "வாவ்" போடுறவங்களைப் பார்த்து மயங்காதீங்க மக்களே.

ஆகவே காலையிலயே போங்க. முழுத்துண்டா வாங்கி, கண்ணு முன்னாடி வெட்டச் சொல்லுங்க. மெஷின்ல அரைக்கிறதா இருந்தா, முன்னாடி அரைச்ச மிச்சம் உள்ள இருக்கான்னு பாருங்க, கழுவச் சொல்லுங்க. சொன்னா செய்வார். நான் பயந்த அளவுக்கு எந்தக் கடைக்காரரும் முறைக்கலை. எங்க ஏரியா அண்ணன் "இப்படிக் கேட்டு வாங்குறவன் கம்மி தம்பி"ன்னு சிரிச்சார்.

ரெண்டாவது, எந்தப் பாகம்? தோள்பட்டைக் கறி, இல்லைன்னா நெஞ்சுக்கறி. உழைச்ச தசை, ருசி அதிகம், கடினம். அரைச்சுடப் போறதால கடினம் ஒரு பிரச்னையே இல்லை. அண்டர்கட் மாதிரி மெத்துனு இருக்கிற பாகத்தைக் கைமாவாக்குறது பட்டுப்புடவையைக் கிழிச்சுக் கரித்துணி ஆக்குறது மாதிரி.

மூணாவதுதான் முக்கியம். கொழுப்பு! "கொழுப்பில்லாம"ங்கிற ஒத்தை வார்த்தையிலதான் என் முதல் பர்கர் செத்துச்சு. எண்பது பங்கு கறிக்கு இருபது பங்கு கொழுப்புங்கிறதுதான் பர்கர்காரங்க வழக்கமா சொல்ற கணக்கு. நம்ம ஊர்ல பெரும்பாலும் வண்டி இழுத்த, ஏர் உழுத வயசான மாடு, கறியில கொழுப்பு குறைவு. அதனால 400 கிராம் கறிக்கு 100 கிராம் கொழுப்பைத் தனியா கேட்டு வாங்கிச் சேர்க்கணும். கொழுப்பு உடம்புக்கு ஆகாதுன்னு சொல்றவங்களுக்கு: சரி, மாசம் ஒரு தடவை சாப்பிடுங்க, ஒழுங்கா சாப்பிடுங்க. வறட்டுக் கறியில ரெண்டு முட்டையும், அதைப் பொரிக்கக் கால் லிட்டர் எண்ணெயும் ஊத்திட்டு ஆரோக்கியம் பேசாதீங்க.

இனி வீட்டுக்குள்ள நாம பண்ற மூணு பாவம்.

பாவம் ஒண்ணு, கைமாவைக் கழுவுறது. அரைச்ச கறி பஞ்சு மாதிரி தண்ணியை உறிஞ்சிக்கும். தோசைக்கல்லுல போட்டா சிவக்காது, வேகும், அவ்வளவுதான். கழுவுறதால கிருமியும் போகாது, சிங்க் முழுக்கத்தான் தெறிக்கும். மனசு கேட்கலைன்னா அரைக்கிறதுக்கு முன்னாடி முழுத்துண்டைக் கழுவித் துணியால ஒத்தி எடுங்க. அப்புறம் சிங்க்கையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்க.

பாவம் ரெண்டு, மசாலா மூட்டை. முட்டை, பிரெட் தூள், வெங்காயம் போட்டா அது கட்லெட், இல்லைன்னா கோலா உருண்டையோட சித்தப்பா பையன். ரெண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனா அது வேற, இது வேற. அமெரிக்காவில் "ஹாம்பர்கர்"னு பேர் போட்டு விற்கிற அரைச்ச கறியில தண்ணியோ மாவோ சேர்க்கக் கூடாது, கொழுப்பு 30 சதவீதம் தாண்டக் கூடாதுன்னு விதியே இருக்கு. நம்ம சூப்பர் மார்க்கெட் ஃப்ரீஸர்ல இருக்கிற பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. எடை அதிகமானது முதல்லங்கிற வரிசையிலதான் பொருள்களை அச்சடிக்கணும்னு இங்க சட்டம். பேலன்ஸ் ஷீட் படிக்கிற மாதிரி அந்தப் பட்டியலைப் படிச்சா, கறிக்குக் குடுத்த காசுல சோயாவுக்கும் மாவுக்கும் எவ்வளவு போச்சுன்னு ஓரளவுக்குப் புரிஞ்சிடும்.

பாவம் மூணு, முன்கூட்டியே உப்புப் போட்டுப் பிசையறது. உப்பு கறியோட புரதத்தைக் கரைக்கும், பிசைஞ்சா அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சாசேஜுக்கு அது வேணும். பர்கருக்கு அதுதான் எமன், ரப்பர் மாதிரி ஆயிடும். உப்பும் மிளகுத்தூளும் கல்லுல போட்டதுக்கு அப்புறம், மேலாகத் தூவினா போதும்.

செய்முறை ரொம்பச் சின்னது. மெஷின் இல்லாதவங்க கறியையும் கொழுப்பையும் துண்டு போட்டு இருபது நிமிஷம் ஃப்ரீஸர்ல வைங்க, மிக்ஸியில விட்டு விட்டு ஓட்டுங்க. தொடர்ந்து ஓட்டினா விழுதாயிடும், உஷார். 500 கிராமை நாலு உருண்டையா, அழுத்தாம, லட்டு பிடிக்கிறதுல பாதி பலத்துல பிடிங்க. பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ்.

இதுக்குத் தனியா சட்டி வேண்டாம், பாட்டி காலத்து இரும்பு தோசைக்கல்லே போதும். புகை வர்ற அளவுக்குக் காய வச்சு, உருண்டையை வச்சு, பட்டர் பேப்பர் போட்டு, தட்டையான கிண்ணத்தால ஒரே அழுத்து. போட்ட முதல் அரை நிமிஷத்துக்குள்ள அழுத்தினாத்தான். அப்புறம் அழுத்தினா உருகின கொழுப்பு, சாறு எல்லாம் அடுப்புக்குத்தான். ஓரம் மொறுமொறுன்னு சிவந்ததும் கூரான தோசைத் திருப்பியால சுரண்டித் திருப்புங்க. அந்தச் சிவப்புதான் ருசி. மெயார்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1912இல் விளக்கின ரசாயன மாற்றம் அது. நம்ம முறுகல் தோசைக்கும் அதேதான். மெலிசா இருக்கிறதால நடுவுலயும் சீக்கிரம் வெந்துடும். தடியா போடணும்னா தெர்மாமீட்டர் வாங்கிட்டுப் போடுங்க. பன்னை அதே கல்லுல வெண்ணெய் தடவி வாட்டுங்க. இனிப்பு பன் வேணவே வேணாம்.

கணக்கு கேட்பீங்களே? எங்க ஏரியா விலையில கறி 400 கிராம் 160 ரூபாய், கொழுப்பு இலவசம், பன் நாலு 40, சீஸ் 60, வெங்காயம் தக்காளி வெண்ணெய் 20. மொத்தம் 280, ஆளுக்கு 70. போன மாசம் ஒரு கடையில இதைவிடச் சின்னதுக்கு 320 அழுதேன். கடைசியா ரூம்ல போட்டப்ப அதே ரூம்மேட் கடிச்சுட்டு ஒண்ணும் சொல்லலை. இன்னொண்ணு இருக்கான்னு தட்டை நீட்டினான். டிகிரி வாங்கின மாதிரி இருந்துச்சு.

"ஒரு பர்கருக்கு இவ்ளோ அக்கப்போரா"ன்னு கேட்கலாம். அக்கப்போர்தான். ஆனா ஒரு பொருளைக் காசு குடுத்து வாங்குற இடத்துல தலை நிமிர்ந்து நின்னு, எது வேணும்னு வாயைத் திறந்து கேட்கிறது சின்ன விஷயமா எனக்குத் தெரியலை. மாட்டுக்கறி வேண்டாதவங்க மட்டன்ல இதையே செய்யலாம், விலைதான் ரெண்டு மடங்குக்கு மேல போகும். அங்கயும் "கொழுப்பில்லாம"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

நான் இப்ப ஞாயித்துக்கிழமை கடைக்குப் போறப்ப எவர்சில்வர் தூக்கு எடுத்துட்டுப் போறேன். "அண்ணே, தோள்பட்டை நானூறு, கொழுப்பு நூறு, என் கண்ணு முன்னாடி அரைங்க"ன்னு சத்தமா சொல்றேன். ஹவுஸ் ஓனர் ஒரு நாள் மாடிப்படியில நிறுத்தி, தூக்குல என்னன்னு கேட்டார். சொன்னேன். ஒரு நிமிஷம் பார்த்தார், "ஜன்னலைத் திறந்து வச்சு சமைங்க"ன்னுட்டுப் போயிட்டார். எல்லாருக்கும் இப்படி லேசா முடியாதுன்னு தெரியும். முடியுற இடத்துல இருக்கிறவனாவது கறுப்பு கவரைத் தூக்கிப் போடலாம்ல?

பி.கு.: உருளைக்கிழங்கு டிக்கி வச்ச பர்கர்தான் உலகத்துலயே பெஸ்ட்னு சண்டைக்கு வர்றவங்க வரிசையில வரவும். நாலு தட்டு அடுக்கி வச்சிருக்கேன் :-)