டீமை எண்ணாதீங்க, நாளை எண்ணுங்க!

2019 தீபாவளிக்கு 'பிகில்' வந்தது. மதுரை தியேட்டர்களில் வழக்கம்போல கட்-அவுட், விசில், பேப்பர் மழை. தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி தேசிய அளவில் ஜெயிக்கும் கதை. கே.கே. நகர் ஆர்ச் பக்கத்து டீக்கடைகளில் ஒரு வாரம் அதே பேச்சு. நல்ல விஷயம்தான், யாரும் குறை சொல்லவில்லை.

ஒரே ஒரு சின்ன விஷயம். அதே வருஷம் மே 22-ஆம் தேதி பஞ்சாபில் இருக்கும் லூதியானாவில், நிஜமாகவே ஒரு தமிழ்நாட்டு அணி தேசியப் பெண்கள் லீக்கை ஜெயித்திருந்தது. ஃபைனலில் தோற்றது மணிப்பூர் போலீஸ் அணி, 3-1. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர்க்காரர்களைத் தோற்கடிப்பது என்றால் சும்மா இல்லை. ஜெயித்த அணியின் பெயர் சேது எஃப்.சி. ஊர்? சாட்சாத் மதுரை!

படத்தில் ஜெயித்த அணியைத் தெரிந்த மதுரைக்காரர்கள் லட்சக்கணக்கில். நிஜத்தில் ஜெயித்த அணியைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கல்லூரியில் பக்கத்து பெஞ்சில் கேட்டுப் பாருங்கள்.

கேட்டால் ரெடிமேடாக மூன்று பதில் வரும். ஒன்று, "பொம்பளப் புள்ளைங்க ஆட்டத்துல தரம் இல்லப்பா." இரண்டு, "கூட்டம் வராது." மூன்று, "கூட்டம் வராததால காசு வராது, மொதல்ல கூட்டம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்." மூன்றும் பொய். அதிலும் மூன்றாவது, பொய் மட்டுமில்லை, மோசடி.

முதலில் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். சேது அணி 2019-ல் கோப்பையை வென்றது லூதியானாவில். 2020-ல் லீக் நடந்தது பெங்களூரில். அடுத்த சீசன் கொரோனாவில் போனது. 2022-ல் புவனேஸ்வர். 2023-ல் அகமதாபாத். எல்லா அணிகளையும் ஒரே ஊருக்குக் கூட்டிப்போய், சில வாரத்தில் மொத்தத்தையும் ஆடி முடித்து, ரயிலேற்றி அனுப்பிவிடுவார்கள். அதாவது இந்த வருஷங்களில் மதுரை அணி தேசிய லீக்கில் ஆடிய ஒரு ஆட்டம்கூட மதுரையில் நடக்கவில்லை. கடையைத் திறக்காமலே "இந்த ஏரியாவுல வியாபாரம் ஆகாது" என்று சொல்லும் முதலாளியை என்ன சொல்வது?

கூட்டம் வராதாம்! 1920 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் லேடீஸ் என்ற ஃபாக்டரிப் பெண்களின் அணி ஆடியதைப் பார்க்க வந்தவர்கள் சுமார் 53,000 பேர். அடுத்த வருஷம் டிசம்பரில் இங்கிலாந்து கால்பந்து சங்கம் என்ன செய்தது தெரியுமா? தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. தடை நீங்க சுமார் ஐம்பது வருஷம் ஆனது. கூட்டம் வந்ததால் பூட்டிய கதவு அது. அதற்குப் பிறகு நூறு வருஷமாக "கூட்டம் வரலையே" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

இந்தியாவின் தேசியப் பெண்கள் லீக் 2017 ஜனவரி கடைசியில் கட்டாக்கில் ஆரம்பித்தது. கிட்டத்தட்ட அதே வாரத்தில், பிப்ரவரி 3-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவில் இன்னொரு பெண்கள் லீக் பிறந்தது. அது அந்த ஊர் ஃபுட்பால். முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம், கையாலும் குத்தலாம், காலாலும் உதைக்கலாம், பாய்ந்து தோளில் ஏறியும் பிடிக்கலாம். இரண்டும் ஒரே வயசுப் பிள்ளைகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் பல விஷயம் புரியும்.

ஆஸ்திரேலிய லீக் 8 அணிகளோடு தொடங்கியது. மெல்போர்னில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 24,568 பேர் வந்து, இடமில்லாமல் கேட்டை மூட வேண்டி வந்தது. 2019-ல் 10 அணி, 2020-ல் 14, 2022-ல் 18. ஆறே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல்! வலி இல்லாமலா இருக்கும்? நல்ல ஆட்டக்காரர்கள் பதினெட்டு அணிகளுக்குப் பிரிந்து போனார்கள். ஸ்கோர் குறைந்தது. 18 அணி இருந்தும் 2022-ல் லீக் சுற்றில் ஆளுக்குப் பத்தே ஆட்டம், பாதி எதிராளியோடு மோதவே முடியாது. டீச்சராகவும் நர்ஸாகவும் பகலில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி பயிற்சிக்கு வந்த பெண்களுக்கு முழங்கால் தசைநார் அறுந்து அறுந்து போனது. புதிதாகச் சேர்ந்த சிட்னி அணி 2022-ல் ஆடிய பத்து ஆட்டத்திலும் தோற்றது.

அங்கேயும் ஒரு கூட்டம் "பார்த்தீங்களா, அவசரப்பட்டு அணியைக் கூட்டினா இப்படித்தான்" என்று எழுதித் தள்ளியது. ஆனால் அதே சிட்னி அணி அடுத்த வருஷமே ஃபைனல்ஸ் சுற்றுக்குள் நுழைந்தது. மந்திரமா? இல்லை. அடுத்த வருஷமும் அணி இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, பயிற்சி இருந்தது, தேதி குறித்த சீசன் இருந்தது. 2017-ல் அந்த லீக்கில் சாதாரண ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சம் 8,500 ஆஸ்திரேலிய டாலர்தான். 2022-ல் அது 39,000 டாலரைத் தாண்டியது. ஆட்டக்காரர்கள் சங்கம் உட்கார்ந்து சண்டை போட்டு வாங்கியது அது. அணி கூடியது, கூடவே சம்பளமும் கூடியது. அதுதான் வளர்ச்சி வலி. வலிக்கும், ஆனால் எலும்பு நீளும்.

இப்போது இந்தியப் பிள்ளையைப் பாருங்கள். 2017-ல் இறுதிச் சுற்றில் 6 அணி. 2018-ல் ஷில்லாங்கில் 7. 2019-ல் 12. 2023-ல் அகமதாபாத்தில் 16. "அடேயப்பா, என்ன வளர்ச்சி!" என்று பத்திரிகைக் குறிப்புகள் வந்தன. அந்த 16 அணியும் ஏப்ரல்-மே குஜராத் வெயிலில் ஒரு மாதத்துக்குள் ஆடி முடித்துவிட்டு வீட்டுக்குப் போயின. மீதி பதினோரு மாசம்? எத்தனை அணி என்று கணக்கு வைத்தவர்கள் எத்தனை நாள் என்று கணக்கு வைக்கவே இல்லை.

2019-ல் சேது அணி சாம்பியன் ஆன லீக் மொத்தமும் 18 நாளில் முடிந்தது. பதினெட்டு நாளில் நடப்பதற்குப் பெயர் லீக்கா? கோயில் திருவிழாவே பல ஊர்களில் அதைவிட அதிக நாள் நடக்கும்! உடம்பு வீங்குவதும் வளர்வதும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"தரம் இல்லை" என்பவர்களுக்கு இங்கேதான் பதில். வருஷத்தில் பதினெட்டு நாள் ஆடுபவருக்கு என்ன தரம் வரும்? தோனியை வருஷத்தில் பதினெட்டு நாள் மட்டும் ஆடவிட்டிருந்தால் அவர் கரக்பூரில் டிக்கெட் செக் செய்துகொண்டுதான் இருந்திருப்பார். இத்தனைக்கும் தமிழ்நாட்டுப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. தேசிய சீனியர் சாம்பியன்ஷிப்பை 2018-ல் மணிப்பூரைத் தோற்கடித்து வென்றார்கள், 2023-ல் ஹரியானாவைத் தோற்கடித்து மறுபடியும் வென்றார்கள். 2019-ல் சேது அணியில் ஆடிய கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கும் ஆடியவர். அவர் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 கொரோனா ஊரடங்கில் சென்னை ரோட்டில் டியூட்டி பார்த்தார். அந்த உழைப்புக்கு ஒரு சல்யூட். ஆனால் இந்தியாவுக்கு ஆடுபவருக்குச் சோறு போடுவது லீக் இல்லை, போலீஸ் வேலைதான் என்பதையும் கவனிக்க வேண்டும். அதனால்தான் இங்கே பெண்ணைக் கால்பந்துக்கு அனுப்பும் அப்பா அம்மா கேட்பது "எந்த டீம்?" என்று இல்லை. "கோட்டாவுல வேலை கிடைக்குமா?" என்றுதான். அவர்கள் கேட்பது நியாயம். பதினெட்டு நாள் வேலையை நம்பி யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

ஒரு நல்லதும் நடந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். 2023-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஒரு விதி கொண்டுவந்தது. மேல் டிவிஷனில் ஆடும் ஒவ்வொரு அணியும் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரர்களுக்கு வருஷம் 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் போட வேண்டும். மாசத்துக்கு 26,000 சொச்சம். பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஆரம்பம். ஒரு அணியில் இருபதுக்கு மேல் பேர் இருப்பார்களே, மிச்சப் பேர் காற்றைக் குடித்து வாழ்வார்களா என்று கேட்கக்கூடாது போல.

அதோடு 2023-24 சீசனில் 16 அணியை 7 ஆகக் குறைத்து, முதல் முறையாகச் சொந்த ஊரில் ஒன்று, எதிராளி ஊரில் ஒன்று என்று டிசம்பரிலிருந்து மார்ச் வரை நடத்தினார்கள். ஆளுக்கு 12 ஆட்டம். அடுத்த சீசனில் 8 அணி, 14 ஆட்டம். அணி பாதியாகக் குறைந்தது, ஆட்ட நாட்கள் கூடின. விளைவு? 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்துக்கே போய் தாய்லாந்தை 2-1 என்று தோற்கடித்து, தகுதிச் சுற்றில் ஜெயித்து முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குள் போனார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். கோச் கிரிஸ்பின் சேத்ரி, ஒரு காலத்தில் சேது அணியின் கோச். தரம் எங்கிருந்து வருகிறது என்று இனியும் சந்தேகமா?

இதைப் படித்துவிட்டு "அப்போ அணியைக் கூட்டவே கூடாதா?" என்று கிளம்புவார்கள். கூட்டாமல் காத்திருந்த கதையும் இந்தியாவில் உண்டு. கிரிக்கெட் வாரியம் ஆண்களுக்கு 2008-ல் ஐ.பி.எல். ஆரம்பித்தது. பெண்களுக்கு 2023-ல். பதினைந்து வருஷம்! "போதுமான ஆட்டக்காரர்கள் இல்லை" என்றார்கள். கடைசியில் ஆரம்பித்தபோது ஐந்து அணிகள் 4,669.99 கோடிக்குப் போயின. அந்த ஐந்தில் சென்னை இல்லை என்பது தனி வயிற்றெரிச்சல். கிரிக்கெட்காரர்கள் பயந்து பூட்டி வைத்தார்கள், கால்பந்துக்காரர்கள் படம் காட்ட ஊதிப் பெருக்கினார்கள். இரண்டு பேருக்கும் நோய் ஒன்றுதான். ஆடும் பெண்ணை உழைப்பாளியாகப் பார்க்கவில்லை. ஏதோ தயவு பண்ணுவதாக நினைப்பு.

அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும்? 2022 ஆகஸ்டில் கோகுலம் கேரளா பெண்கள் ஆசிய கிளப் போட்டிக்காக தாஷ்கண்ட் வரை போய்விட்டார்கள். அந்த நேரத்தில் சம்மேளன நிர்வாகக் குளறுபடிக்காக ஃபிஃபா இந்தியாவைத் தடை செய்தது. பெரிய மனுஷர்கள் நாற்காலிக்கு அடித்துக்கொண்டதற்கு, பெண்கள் ஆடாமலே திரும்பினார்கள். 2024 மார்ச்சில் இரண்டாம் டிவிஷன் ஆட்டங்களுக்காக கோவாவில் தங்கியிருந்த இரண்டு வீராங்கனைகள், சம்மேளன செயற்குழு உறுப்பினர் ஒருவரே தங்களை ஹோட்டல் அறையில் தாக்கியதாகப் புகார் கொடுத்தார்கள். போலீஸ் அவரைக் கைது செய்தது, சம்மேளனம் சஸ்பெண்ட் செய்தது. டிவிஷன் மேல் டிவிஷன் கட்டுகிறவர்கள் முதலில் பூட்டுப் போட்ட அறையும், பயமில்லாமல் புகார் சொல்ல ஒரு ஆளும் ஏற்பாடு செய்ய வேண்டாமா?

என்ன செய்ய வேண்டும் என்பது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை.

சீசன் தேதியை ஆறு மாசம் முன்பே அறிவியுங்கள். பத்துப் பேருக்கு மட்டும் என்பதை அணியில் இருக்கும் அத்தனை பேருக்கும் என்று மாற்றுங்கள். காயம் பட்டால் ஆபரேஷன் செலவை அணி ஏற்கட்டும். ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி நிர்வாகக் கூட்டத்தில் உட்காரட்டும். இதையெல்லாம் செய்து காட்டும் ஊருக்குப் புது அணி கொடுங்கள், எட்டை இருபதாகவும் ஆக்குங்கள், யார் வேண்டாம் என்றது?

மதுரைக்கும் ஒரு வேலை இருக்கிறது. கே.கே. நகர் பக்கத்தில்தான் ரேஸ் கோர்ஸ் மைதானம். 2025 கடைசியில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பைக்காக அங்கே சர்வதேசத் தரத்தில் ஹாக்கி மைதானம் தயாரானது. வெளிநாட்டு அணிகள் வந்தன, மதுரை ஜனங்கள் போய்ப் பார்த்தார்கள். பணம், இடம், மனசு எல்லாம் இந்த ஊரில் உண்டு என்று அரசாங்கமே நிரூபித்துவிட்டது. அப்படியானால் இந்தியாவின் சாம்பியனாக இருந்த மதுரைப் பெண்கள் அணிக்கு, ஃப்ளட்லைட் போட்ட ஒரு கால்பந்து மைதானமும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு ஆட்டமும் கொடுப்பது முடியாத காரியமா?

ஏழே ஆட்டம். டிக்கெட் இருபது ரூபாய் வையுங்கள். அதையும் நடத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் சொல்லுங்கள் மதுரையில் கூட்டம் வராது என்று.