15 சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் பாஸ்!

"ஆப்பிளை எடுத்துக் கிண்ணத்தில் வை" என்று உங்களிடம் சொன்னால் எங்கே வைப்பீர்கள்? கிண்ணத்தில்தானே? கணினிக்குள் வாழும் ரோபோவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பக்கத்தில் எங்காவது போட்டால் போதும், வெற்றி என்று எழுதிவிடுவார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2021-இல் ஃபேஸ்புக் ஆராய்ச்சியாளர்கள் ஹாபிடாட் 2.0 என்ற சிமுலேட்டரை வெளியிட்டார்கள். ஃபெட்ச் என்கிற ஒற்றைக்கை ரோபோ, அச்சு அசலாக வீடு போலவே அறைகள், திறந்து மூடும் ஃபிரிட்ஜ், இழுப்பறை எல்லாம் உண்டு. அதில் ஒரு வேலை, சாப்பாட்டு மேசையைத் தயார் செய்வது. இழுப்பறையிலிருந்து கிண்ணத்தை எடுத்து மேசையில் வைக்க வேண்டும், ஃபிரிட்ஜிலிருந்து பழத்தை எடுத்துக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். பொருள் இலக்குப் புள்ளியிலிருந்து 15 செ.மீ. தூரத்துக்குள் இருந்தால் வெற்றி.

வீட்டில் இருக்கும் ஒரு கிண்ணத்தை எடுத்து அளந்து பாருங்கள். வாய் 15 செ.மீ. அகலம் இருந்தாலே பெரிய கிண்ணம். நடுவிலிருந்து விளிம்புக்கு ஏழரைதான். அப்படியென்றால் பழம் கிண்ணத்துக்கு வெளியே மேசையில் கிடந்தாலும் அந்தத் தூரக் கணக்கில் பாஸ்! எடுப்பதிலும் இதே தாராளம்தான். கை பொருளுக்கு 15 செ.மீ. அருகில் போய்விட்டால் பொருள் தானாகவே காந்தம் போல வந்து ஒட்டிக்கொள்ளும். விரல்களால் பிடிப்பது என்ற சங்கதியே இல்லை.

இதை அவர்கள் ஒளிக்கவில்லை, கட்டுரையிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். என் கோபம் அவர்கள் மேல் இல்லை. அந்த வெற்றி சதவீதத்தை மட்டும் பிய்த்தெடுத்து "ரோபோ வீட்டு வேலை கற்றுக்கொண்டுவிட்டது" என்று செமினாரில் படம் காட்டுகிறார்களே, அவர்கள் மேல்தான்.

நானும் யோக்கியன் இல்லை. போன வருடம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு போட்டிக்குப் போனோம். சிமுலேட்டருக்குள் டம்ளரை அலமாரியில் வைக்க வேண்டும். 50 முறையில் 47 வெற்றி. விடுதியில் பரோட்டா விருந்தெல்லாம் நடந்தது. பிறகு ஒரு ராத்திரி பதிவுகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. எங்கள் ரோபோ டம்ளரை வைக்கவே இல்லை, மேலிருந்து போட்டிருக்கிறது. விதிப்படி டம்ளர் இலக்கைத் தொட்ட கணத்தில் மதிப்பெண் விழுந்துவிடும். அதற்கப்புறம் அது சாய்ந்ததா, உருண்டு கீழே விழுந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. கற்றல் நிரல் இந்த ஓட்டையைத் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தது. எங்களைவிட அதற்கு மூளை அதிகம் போல!

விதியை நாங்களே மாற்றி மறுபடி ஓட்டினோம். விரல் விட்ட பிறகு மூன்று விநாடி காத்திருக்க வேண்டும், டம்ளர் நிமிர்ந்து நிற்க வேண்டும், 2 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 50-க்கு 19.

வைப்பது எடுப்பதைவிட எளிது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொருள் பிடிக்குள் ஒரு மில்லிமீட்டர் நழுவியிருந்தாலும் வைக்கும்போதுதான் அந்தப் பிழை வெளியே வரும். கேமரா எங்கே இருக்கிறது என்ற கணக்கில் உள்ள பிழையும் அங்கேதான் வந்து சேரும். கை மேல் பழி போட முடியாது. யுஆர்5 போன்ற தொழிற்சாலைக் கை ஒரே இடத்துக்கு மறுபடி மறுபடி 0.1 மி.மீ. வித்தியாசத்துக்குள் திரும்பி வரும். எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று தெரிவதில்தான் சிக்கல்.

சிமுலேட்டரோ இந்தச் சிக்கலையெல்லாம் தரைவிரிப்புக்கு அடியில் தள்ளிவிடுகிறது. பொருளின் இருப்பிடத்தை நினைவகத்திலிருந்தே துல்லியமாகப் படித்துக்கொள்ளலாம். பிடி நழுவாமல் இருக்கப் பொருளைக் கையோடு ஒரு மூட்டாகப் பூட்டிவிடலாம் (கஸீபோவில் இதற்கென்றே செருகுநிரல் இருக்கிறது, நாங்களும் பயன்படுத்தினோம்). பூட்டிய நிலையில் டம்ளர் அலமாரிப் பலகைக்குள் கொஞ்சம் புதைந்திருந்தால், பூட்டைத் திறந்ததும் கணக்கு எந்திரம் அதை வெளியே உதைத்துத் தள்ளும். டம்ளர் தவளை மாதிரி குதிக்கும். நிஜ உலகில் எந்த டம்ளரும் இப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, எல்லாவற்றையும் ஒரே சோதனையில் அளக்க முடியாது, நீண்ட திட்டமிடலைச் சோதிக்கும்போது பிடியை எளிமையாக்கத்தான் வேண்டும்" என்று ஒரு சீனியர் அண்ணன் சொன்னார். நியாயம்தான். விரல் உராய்வையெல்லாம் நுணுக்கமாகக் கணக்கிட்டால் சிமுலேட்டர் ஆமை வேகத்தில் ஓடும், கோடிக்கணக்கான முயற்சிகளில் கற்பது நடக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போது அதற்குப் "பக்கத்தில் கொண்டு சேர்த்தல்" என்று பெயர் வையுங்கள். "வைத்தல்" என்று ஏன் சொல்கிறீர்கள்?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வெற்றி, தோல்வி என்று மட்டும் போடாமல் எத்தனை மில்லிமீட்டர் விலகியது என்று அத்தனை முயற்சிக்கும் வெளியிடுங்கள். எத்தனை டிகிரி திரும்பியிருந்தது என்றும் போடுங்கள். கை முழுதாக விலகிய பிறகு அளவெடுங்கள். உராய்வையும் எடையையும் கொஞ்சம் மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

நடக்காத காரியமும் இல்லை. 2020-இல் ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் நடத்திய ரியல் ரோபோ சேலஞ்சில் முதல் கட்டம் மட்டும்தான் சிமுலேஷன். தேறியவர்கள் அடுத்த கட்டத்தில் இணையம் வழியாக நிஜமான மூன்று விரல் ரோபோவை இயக்கி, நிஜமான கனசதுரத்தைச் சொன்ன இடத்துக்கு நகர்த்த வேண்டும். சிமுலேட்டரில் எடுத்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அங்கே மார்தட்ட முடியாது.

எங்கள் 19-ஐ அடுத்த போட்டிக்கு அனுப்பும் அறிக்கையில் 47-க்குப் பக்கத்திலேயே போட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குழுவில் மற்ற இருவருக்கும் சம்மதமில்லை. நேற்றிரவுகூட இதில்தான் சண்டை.