சோறு கேட்டால் கட்டடத்தைக் கேட்கிறார்கள்

எங்கள் தெருவில் ஓர் அக்கா பதினோரு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒற்றை அறை, முன்னால் ஒரு திண்ணை. தாய்மார்கள் வீட்டு வேலைக்கும் துணிக்கடைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்கள். காலையில் விட்டுப்போனால் இரவு ஏழு மணிக்கு வந்து தூக்கிக்கொள்வார்கள். என் மகளும் அங்கே வளர்ந்தவள்தான். அந்தத் திண்ணையில் அவள் தூங்கிய மதியங்களில் என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் பாதியை எழுதினேன். நன்றியுரையில் நெறியாளர் பெயர் இருக்கிறது. அக்காவின் பெயர் இல்லை.

மதியம் குழந்தைகளின் தூக்குகளைத் திறந்தால் ஒன்றில் ரசம் சோறு, ஒன்றில் முந்தின இரவுச் சோறு, ஒன்றில் பிஸ்கட் பாக்கெட் மட்டும். அக்கா தன் வீட்டுப் பருப்பைக் கரைத்து எல்லாருக்கும் ஊற்றுவார். இரண்டு தெரு தள்ளி அங்கன்வாடியில் முட்டை வேகும். ‘அங்கேயே விடலாமே’ என்பவர்கள் உண்டு. அங்கன்வாடி பிற்பகலில் பூட்டிவிடும். ஏழு மணிவரை குழந்தையை யார் பார்ப்பது?

உணவு கேட்டு அக்காவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பதிவுச் சான்று, வாடகை ஒப்பந்தம், கட்டட உறுதிச் சான்று, தனிச் சமையலறை என்று பட்டியல் நீண்டது. படியிறங்கும்போது அவர் சொன்னார்: “டீச்சர், நான் பிள்ளைங்களுக்குச் சோறு கேட்டேன். அவங்க கட்டடத்தைக் கேக்குறாங்க.”

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 5, ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரையுள்ள குழந்தைக்கு இலவச உணவை உரிமையாக்குகிறது. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குக் காலைச் சிற்றுண்டியும் சூடான சாப்பாடும் சேர்த்து 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று 2013இல் வகுத்திருந்தார்கள். இதை உள்ளூர் அங்கன்வாடி ‘வழியாக’த் தர வேண்டும் என்கிறது சட்டம். நான் தமிழ் படித்தவள். ‘வழியாக’ என்பதற்கு ‘உள்ளே உட்கார்ந்து’ என்று பொருள் இல்லை. உரிமை குழந்தைக்குத்தான், கட்டடத்துக்கு அல்ல.

காப்பகங்களுக்கென்றே திட்டங்கள் இல்லாமலில்லை. தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்தில் 2017 முதல் செலவில் 60 பங்கு ஒன்றிய அரசு, 30 மாநிலம், 10 தொண்டு நிறுவனம் என்று பிரித்தார்கள். நிறுவனமே இல்லாத அக்கா அந்தப் பத்துக்கு எங்கே போவார்? 2022இல் அது ‘பால்னா’ ஆனது. அங்கன்வாடியோடு காப்பகம் என்றார்கள். நல்லதுதான். அது எல்லாத் தெருவுக்கும் வந்து சேரும்வரை இந்தப் பதினோரு பேரும் பசியோடு காத்திருக்க வேண்டுமா?

‘பொய்ப் பெயர் எழுதி அரிசியை விற்றுவிடுவார்கள்’ என்கிறார்கள். எந்த வீட்டில் எத்தனை குழந்தை என்பது அங்கன்வாடிப் பணியாளரின் கணக்கெடுப்புப் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெரும் ஒப்பந்தக்காரரிடம் வராத சந்தேகம், திண்ணையில் பிள்ளை பார்க்கும் பெண்ணிடம் மட்டும் ஏன் வருகிறது? அவர் செய்வதை வேலை என்று யாரும் ஒப்புக்கொள்ளாததால்தான். பாசம் என்றால் சம்பளம் தர வேண்டியதில்லை. வேலை இல்லையென்றால் உரிமமும் கிடையாது, உதவியும் கிடையாது.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு சிறு காப்பகத்தையும் பக்கத்து அங்கன்வாடியோடு இணையுங்கள். அங்கே சமைத்த சோறு இங்கே வரட்டும். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் நகரங்களின் பொதுச் சமையற்கூடங்களிலிருந்து வண்டியில் பள்ளிகளுக்கு உணவு போகிறதே, இரண்டு தெரு தாண்டாதா? கொண்டுவரும் பெண்ணுக்குச் சம்பளம் கொடுங்கள். அங்கன்வாடிப் பணியாளர் தலையில் இதையும் கட்டாதீர்கள். சான்றிதழ் கேட்குமுன், அதைப் பெற உதவ வார்டுக்கு ஒருவரை நியமியுங்கள். தண்ணீரும் கழிப்பறையும் சரியாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். குறை இருந்தால் சரிசெய்யப் பணம் கொடுங்கள், கதவைச் சாத்தாதீர்கள்.

படித்த பெண்களே, உங்கள் தெருவிலும் ஓர் அக்கா இருப்பார். ஒரு மதியம் போய் அந்தத் தூக்குகளைத் திறந்து பாருங்கள். பிறகு அவரோடு உட்கார்ந்து மனுவை எழுதுங்கள், பதில் வரும்வரை அலுவலகத்துக்குக் கூடவே நடங்கள். நமக்கு எழுத நேரம் கிடைத்தது அவர்கள் பிள்ளை பார்த்ததால்தான்.