'ஒரிஜினல் வடசேரி' நகையா, செம்பு நகையா? வாங்கும் முன் திருப்பிப் பாருங்க!

பரதநாட்டிய அரங்கேற்றம் வைக்கும் வீடுகளில் பட்டு உடைக்குப் போட்டியாக நிற்கும் செலவு, நகை. நெற்றிச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, ஜடைநாகம், ஒட்டியாணம் என்று செட்டாகத்தான் வாங்க வேண்டும். அதில் 'ஒரிஜினல் வடசேரி' என்று சொல்லி, வெள்ளி விலைக்குச் செம்பைத் தலையில் கட்டிவிட்டால்?

வடசேரி நகை எப்படி உருவாகிறது?

நாகர்கோவில் வடசேரி, கோயில் விக்கிரகங்களுக்கு நகை செய்துகொடுத்த ஆசாரிகளின் ஊர். அந்த வடிவங்கள்தான் பின்னர் நடன மேடைக்கு வந்தன.

முதலில் வெள்ளித் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கூடு செய்கிறார்கள். கூட்டுக்குள் அரக்கு. அதன்மேல் சிவப்புக் கெம்பு, பச்சை, வெள்ளைக் கற்கள். ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் மெல்லிய தங்க ரேக்கை அழுத்தி அழுத்திப் பதிக்கிறார்கள். கல்லைப் பிடித்து நிறுத்துவதே அந்த ரேக்குதான். எல்லாம் கைவேலை என்பதால் நாள் கணக்கில் நேரம் பிடிக்கும்.

போலியில் இந்த வேலையே கிடையாது. செம்பு அல்லது பித்தளையை அச்சில் வார்த்து, முலாம் பூசி, கல்லைப் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். இதைக் 'கவரிங்' என்று சொல்லி விற்றால் தப்பே இல்லை. வடசேரி என்று சொல்லும்போதுதான் பிரச்சினை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

'கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும்' என்பார்கள். நம்பாதீங்க. வெள்ளியின் அடர்த்தி 10.5, செம்புக்கு 8.96. உள்ளே அரக்கும் இருக்கும்போது கைக்கு வித்தியாசம் தெரியாது. காந்தமும் உதவாது, இரண்டுமே ஒட்டாது.

கல்லின் ஓரத்தைப் பாருங்கள். ரேக்கு பதித்த ஓரம் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருக்கும். எல்லாக் கல்லின் ஓரமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தாலோ, பசை தெரிந்தாலோ உஷார். பின்பக்கம் வார்ப்புப் புள்ளிகள் இருக்கா என்றும் பாருங்கள். கல் செயற்கைக் கெம்பு என்பதற்காக மட்டும் நகையைப் போலி என்று தள்ள வேண்டாம். அசலிலும் இப்போது அது சகஜம்.

சந்தேகம் தீரவில்லையா? முலாமுக்கு அடியில் இருக்கும் உலோகத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கு ஹால்மார்க் இன்னும் கட்டாயமில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் எச்யுஐடி எண்ணுடன் ஹால்மார்க் பெறலாம், அதுவும் விருப்பம்தான். அதனால் பில்தான் பிடி. வெள்ளி எத்தனை கிராம், தூய்மை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

சட்டம் இருந்தும் ஏன் நிற்கவில்லை?

நாகர்கோவில் கோயில் நகை 2007-08லேயே புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைப் பொய்யாகப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆனால் காவல் இருப்பது ஊர்ப் பெயருக்கு. 'டெம்பிள் ஜுவல்லரி' என்று மட்டும் போட்டு ஆன்லைனில் விற்பவரை இது தொடாது. அந்த ஓட்டைதான் ஆசாரிகளின் வயிற்றில் அடிக்கிறது. வெள்ளி கிலோ 1 லட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகு, அசலுக்கும் செம்புக்கும் உள்ள விலை இடைவெளி இன்னும் விரிந்துவிட்டது.

ஏமாந்திருந்தால் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் செய்யலாம்.