தனி யானை

குளிர்காலம் வந்துவிட்டால் தலைநகர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மூன்று இடங்கள்தான். ஒன்று மலை மந்திர், இன்னொன்று இந்தியா கேட், மூன்றாவது புராணா கிலா அருகிலுள்ள மிருகக்காட்சி சாலை. சென்ற குளிர்காலத்தில் நானும் பேரனுடன் புளியோதரை டப்பா சகிதம் கிளம்பினேன். உள்ளே சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்பதால் டப்பாவை வெளியிலேயே காலி செய்துவிட்டுத்தான் நுழைந்தோம்.

1959-ல் திறக்கப்பட்ட பூங்கா இது. புலிக்கும் நமக்கும் நடுவே கம்பிக்குப் பதிலாக அகழி. குளத்து மரங்களில் வர்ண நாரைகள் கூடு கட்டியிருந்தன. "இதையெல்லாம் யார் பிடித்து வந்தார்கள் தாத்தா?" என்றான் பேரன். "யாரும் பிடிக்கவில்லை. தாமாக வருகின்றன, குஞ்சு பொரித்து வளர்த்த பிறகு தாமாகவே போய்விடும்" என்றேன். அவனுக்கு அதுதான் மிகவும் பிடித்திருந்தது.

யானைகள் பக்கம் வந்ததும் சங்கரின் கதையைச் சொன்னேன். ஜிம்பாப்வே நாடு 1998-ல் பரிசாக அனுப்பிய ஆப்பிரிக்க யானைக் குட்டி அது. முன்னாள் குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். உடன் வந்த பெண் யானை சில ஆண்டுகளிலேயே இறந்துவிட்டது. அதன்பின் சங்கருக்குத் தன் இனத்தில் துணை கிடையாது. அது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நிலை பேசப்பட்டு, 2024 அக்டோபரில் உலக மிருகக்காட்சி சாலைகளின் சங்கம் இந்தப் பூங்காவின் உறுப்பினர் தகுதியை நிறுத்தி வைத்தது. பிறகு சங்கிலி அகன்றது, ஆனால் துணை வரவில்லை. 2025 செப்டம்பரில், 29 வயதில் சங்கர் இறந்தது.

'ஆண் யானை தனியாகத்தானே திரியும்?' என்று சிலர் கேட்கலாம். வயது வந்ததும் அது தாய்க் கூட்டத்தை விட்டு விலகும் என்பது உண்மைதான். ஆனாலும் மற்ற ஆண் யானைகளோடு சேர்ந்து மேயும், தும்பிக்கையால் தொட்டு விசாரிக்கும். நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பல கிலோமீட்டர் தூரத்துக்குப் பேசிக்கொள்ளும். சங்கர் பேசியிருந்தால் அதைக் கேட்க யார் இருந்தார்கள்?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேரன், "அப்போ நம் ஊர்க் கோயில் யானைக்கு ஃபிரெண்டு யாரு தாத்தா?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அதன் தும்பிக்கையில் காசு வைத்து ஆசி வாங்குகிறவன் நான். கருங்கல் தரையில், ஒற்றை யானையாக, அது நாள் முழுவதும் நிற்பதை எத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன்! டெல்லியில் இருந்தால் கொடுமை, கோபுர வாசலில் இருந்தால் பக்தி என்று யானைக்குத் தெரியுமா? 2024 நவம்பரில் திருச்செந்தூரில் கோயில் யானை தாக்கிப் பாகனும் அவர் உறவினரும் இறந்தார்கள். யானையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பாகர்கள் அன்பில்லாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைபோல வளர்ப்பவர்களை நான் அறிவேன். ஆனாலும் மனிதன் யானை ஆக முடியாது. தமிழக அரசு 2003-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்திய புத்துணர்வு முகாமின் பெரிய நன்மை, என்னைக் கேட்டால், மருத்துவமோ தீவனமோ அல்ல. யானை இன்னொரு யானையைப் பார்த்ததுதான்.

இருக்கும் யானைகளுக்குத் துணையும் நடக்க மண் தரையும் வேண்டும். புதிதாக ஒரு யானையைத் தனியே கொண்டுவந்து கட்ட வேண்டாம். ரயில்வேயில் இயந்திரங்களோடு காலம் கழித்த எனக்கு இன்னொரு வழியும் பிடித்திருக்கிறது. கேரளத்தில் திருச்சூர் மாவட்டக் கோயில் ஒன்றில் 2023 முதல் இயந்திர யானை சேவை செய்கிறது. ஸ்வாமி கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

ஊர்க் கோயிலுக்கு யானை வாங்க நம்மிடம் நன்கொடை கேட்டு வந்தால், ரசீதில் கையெழுத்துப் போடுமுன் என் பேரனின் கேள்வியை ஒரு தரம் கேளுங்கள்: அதற்கு ஃபிரெண்டு யாரு?