பிறந்த திகதியும் பிறக்க வேண்டிய திகதியும்

ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று மலையகத்தில் இன்னும் சொல்கிறார்கள். லயத்தில் ஒருத்திக்கு முந்தியே வலி கண்டுவிட்டால் கிழவிகள் விரல் மடக்கி மாதம் எண்ணுவது இதற்காகத்தான். இது நமக்கு மட்டும் உள்ள நம்பிக்கையும் அல்ல. எட்டாம் மாதத்துக் கருவைப் பற்றி இதே கருத்தில் ஒரு நூலே கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்குகிறது. இரண்டு நாட்டாரும் ஒரே தப்பைச் சொல்லி வந்திருக்கிறார்கள். வயிற்றில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான். 30 வாரத்தில் பிறந்ததைவிட 34 வாரத்தில் பிறந்தது பிழைக்க வழி அதிகம்.

1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பட்ரிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். எடை 2.1 கிலோ. நுரையீரல் சரியாக விரியாமல் இரண்டே நாளில் இறந்துபோனான். வெள்ளை மாளிகையால் காப்பாற்ற முடியவில்லை. இன்றைக்கு அதே எடையில் நுவரெலியாவிலோ டிக்கோயாவிலோ பிறக்கிற கொழுந்துக்காரியின் பிள்ளை பெரும்பாலும் தாயோடு வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீரொய்ட் ஊசி, பிள்ளையின் நுரையீரலுக்குள் விடும் மருந்து, குழாய் வழிப் பால் என்று மருத்துவம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதுதான் எனக்குக் கவலை.

அண்மையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், கிளினிக் நாளன்று தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உத்தரத்தில் தொங்கும் வட்டத் தராசு. காற்சட்டை மாதிரி ஒரு துணிப்பையில் பிள்ளையை இறக்கித் தொங்கவிடுவார்கள்; அழாத பிள்ளை இல்லை. ஓர் இளம் தாய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு எட்டு மாதம். பாயில் இருத்தினால் இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கிறது, பிறகு பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறது. வரிசையில் இருந்த ஒரு பாட்டி கேட்டுவிட்டார்: “எம் பேத்தியும் இவளும் ஒரே மாசந்தான். அது இஸ்தோப்புல தவழ்ந்து போயி கோழியப் புடிக்குது. இது இன்னும் ஒக்காரவே இல்லியே?”

தாய் பதில் சொல்லவில்லை. பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள். மிட்வைஃப் மிஸ்தான் பேசினார். “பாட்டி, ஒங்க பேத்தி பத்து மாசமும் இருந்து வந்தவ. இவ ரெண்டு மாசம் முந்தியே வந்துட்டா. அந்த ரெண்டு மாசத்த நீங்க கழிச்சீங்களா?” சொல்லிக்கொண்டே கிளினிக் புத்தகத்தில் பிறந்த திகதிக்குப் பக்கத்தில், பிறக்க வேண்டியிருந்த திகதியையும் பேனாவால் எழுதிக் கோடிட்டார்.

கணக்கு அவ்வளவுதான். நிறைமாதம் என்பது 40 வாரம். 32 வாரத்தில் பிறந்த பிள்ளை எட்டு வாரம் முந்திவிட்டது. எனவே எட்டு மாதம் ஆன அன்று அதற்கு வளர்ச்சியில் ஏறக்குறைய ஆறு மாதம்தான். ஆறு மாதப் பிள்ளை கையூன்றி உட்கார்ந்து சாய்வது முறையான வளர்ச்சி. முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது, நிற்பது எல்லாவற்றையும் இந்தத் திருத்திய வயதில்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயதுவரை இப்படிக் கழித்துப் பார்ப்பது வழக்கம்.

நிறைமாதப் பிள்ளைகளிலேயே எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது! உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி, பிடிமானமில்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம்வரை எப்போதும் வரலாம். தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம்வரை. சில பிள்ளைகள் தவழாமலே எழுந்து நடந்துவிடுகின்றன. இந்த இடைவெளியோடு முந்திப் பிறந்த வாரங்களையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்துக் காம்பராப் பிள்ளையை வைத்து அளப்பது எத்தனை அநியாயம் என்று விளங்கும்.

தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழிவு கிடையாது. அதற்குப் பிறந்த திகதிதான். இரண்டு, நான்கு, ஆறு மாத ஊசிகளை “புள்ள சின்னதா இருக்கு, பொறகு போடலாம்” என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. நோய் சீக்கிரம் தொற்றுவது இந்தப் பிள்ளைகளுக்குத்தான் என்பதால் தள்ளிப்போடவே கூடாது. அதேபோல, மாதம் நிறைந்து எடை மட்டும் குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு வயதைக் கழிக்கக் கூடாது. தோட்டங்களில் அப்படிப் பிறப்பவையும் ஏராளம். இரண்டையும் “சின்னப்புள்ள” என்று ஒன்றாகப் போட்டுவிடுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

கழித்துப் பார்ப்பது சும்மா காத்திருப்பதற்கான அனுமதியும் அல்ல. திருத்திய வயதில் மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லை என்றால் டொக்டரிடம் காட்ட வேண்டும். துணி மாற்றும்போது கால்கள் கத்தரி போலக் குறுக்கே விறைத்தாலும், ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையால் மட்டும் எல்லாவற்றையும் எடுத்தாலும் அப்படித்தான். சத்தத்துக்குத் திரும்பாத பிள்ளையின் காதைப் பார்க்க வேண்டும். மிக முந்திப் பிறந்தவற்றுக்குப் பிறந்து நான்கு வாரமளவில் விழித்திரைப் பரிசோதனை அவசியம். பிந்தினால் பார்வையே போகலாம். தோட்டத்திலிருந்து கண்டிக்கோ பேராதனைக்கோ போய்வர ஒரு நாள் பஸ் பயணம், ஒரு நாள் சம்பளம். “இந்தத் தரம் விட்டுட்டு அடுத்த கிளினிக்குக்குப் போவோம்” என்ற முடிவு அந்தச் சம்பளக் கணக்கில்தான் பிறக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியதும் இருக்கிறது. சேலைத் தொட்டிலிலேயே பகலெல்லாம் கிடக்கிற பிள்ளைக்குக் கழுத்தும் முதுகும் வலுக்க வாய்ப்பில்லை. விழித்திருக்கும்போது, ஆள் பார்த்துக்கொண்டிருக்க, பாயில் குப்புறப் போட்டு முன்னால் முகம் காட்டிப் பேச வேண்டும். தூங்கும்போது மல்லாக்காகத்தான். விறகு அடுப்புப் புகையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். சக்கரம் வைத்த வாக்கரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அதனால் நடை முந்தி வராது, விழுந்து அடிபடுவதுதான் மிச்சம்.

ஜனவரிப் பனியில் நுவரெலியாக் காம்பராவுக்குள் ஒரு சின்னப் பிள்ளையைச் சூடாக வைத்திருப்பது லேசான காரியமல்ல. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்கியுபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில், டொக்டர் எட்கர் ரே ஒரு வழி கண்டார்: பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு நெஞ்சாக, தோலோடு தோலாகக் கட்டி வைப்பது. கங்காரு முறை என்று பெயர். இந்தியாவிலும் நான்கு ஆபிரிக்க நாடுகளிலும் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இப்படி வைத்த பிள்ளைகளிடையே இறப்பு கால் பங்கு குறைந்தது. அடுத்த வருடம் உலக சுகாதார நிறுவனம் இதையே எல்லா நாட்டுக்கும் பரிந்துரைத்தது. காசு செலவில்லாத வைத்தியம். தகப்பனும் செய்யலாம், மாலையில் தவறணைப் பக்கம் போகிற நேரத்தில் செய்யலாம் என்று ஒரு மிஸ் சொன்னார், நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

ஆனால் நெஞ்சோடு வைத்திருக்கத் தாய் வீட்டில் இருக்க வேண்டுமே. நம் சட்டத்தில் பிரசவ லீவு 84 நாள். மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள் என்றிருந்த பாகுபாடு 2018 திருத்தத்தில் நீங்கியது நல்ல விஷயம். 84 நாள் என்றால் 12 வாரம். 30 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறக்க வேண்டிய திகதி வரவே பத்து வாரம் ஆகும். அதில் பெரும்பகுதி ஆஸ்பத்திரி வாட்டிலேயே போய்விடும். விடுமுறை நாட்களைச் சேர்த்துக் கொஞ்சம் நீட்டினாலும், லீவு முடிகிறபோது அந்தப் பிள்ளைக்கு வளர்ச்சிக் கணக்கில் சில வாரம்தான். அதைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுத் தாய் மலைக்கு ஏறுகிறாள். பால் கொடுக்க இடைவேளை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சீக்கிரம் களைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிற பிள்ளைக்கு எத்தனை தடவை இறங்கி வருவாள்? இறங்கி வந்தால் கொழுந்து குறையும், கிலோ குறைந்தால் முழுப்பேர் விழாது. 2016 கணக்கெடுப்பில் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். எவ்வளவோ காரணங்களில் இதுவும் ஒன்றாக இருக்காதா?

நம் பிரசவ நலச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில், 1939இல் வந்தது. அதே பிரிட்டனில் 2025 ஏப்ரல் 6ஆம் திகதி முதல், பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் பராமரிப்பில் இருக்க நேர்ந்த பிள்ளையின் தாய் தகப்பனுக்கு, சாதாரண பிரசவ லீவுக்கு மேல் 12 வாரம்வரை தனி லீவு உண்டு. சம்பளப் பேச்சுக்குப் போகிற தொழிற்சங்கத் தலைவர்களும், நாம் தெரிவுசெய்து அனுப்பிய மலையக எம்.பி.மாரும் அடுத்த தடவை நாட்சம்பளத்தோடு இந்த ஒன்றையும் கேளுங்கள்: குறைமாதப் பிள்ளை பெற்ற தாயின் லீவை, பிள்ளை பிறக்க வேண்டிய திகதியிலிருந்து எண்ணச் சொல்லுங்கள்.